ஊசி ஓடுறதுக்கு முன்னாடி: ஒரு பவர் மெஷினை வீட்டில் இறக்கிய கதை

[மூன்று தையல் மெஷின்களின் சத்தம், ஒன்றன்பின் ஒன்றாக]

எபிசோட் ஆரம்பத்துல மூணு சத்தம் கேட்டீங்க. முதல்ல டக டக டக-ன்னு வந்தது எங்க சித்தியோட கால் மெஷின். இருபது வருஷத்துக்கும் மேல அவங்க மிதிக்கிறது. ரெண்டாவது, விர்ருன்னு ஒரே மூச்சுல போய்ச் சட்டுனு நின்னுச்சே, அது பவர் மெஷின். மூணாவது ஒண்ணு கீச்சுன்னு இழுத்துட்டு அப்படியே செத்துப்போச்சு. இன்னைக்கு எபிசோடே அதைப் பத்திதான். ஏன்னா அந்த மெஷினைக் கொன்னது நான்.

ஸ்டேட்டஸ் போடலாம்னு போன்ல வீடியோ எடுத்துட்டு இருந்தேன். அதனாலதான் அந்தச் சத்தம் பதிவாகி இருக்கு. அப்போ வெட்கமா இருந்துச்சு. இப்போ பாடம் எடுக்க உதவுது.

சித்தி இருக்கிறது தூத்துக்குடி முத்தையாபுரம். ஒரு பக்கம் உப்பளம், இன்னொரு பக்கம் துறைமுகம் போற ரோடு. மகளிர் தையல் கூட்டுறவு சங்கத்துல உறுப்பினர். இது நிறைய பேருக்குத் தெரியாது: சத்துணவுத் திட்டத்துல இருக்கிற பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு வருஷத்துக்கு நாலு செட் சீருடை கொடுக்குது இல்லையா, அதைத் தைக்கிறது பெரும்பாலும் இந்த மாதிரி சங்கங்கள்ல இருக்கிற பெண்கள்தான். துணி வெட்டிய துண்டா வரும். வீட்டுல உட்கார்ந்து தைச்சுத் திருப்பிக் கொடுக்கணும். உருப்படிக்கு இவ்வளவுன்னு கூலி.

போன வருஷம் சித்திக்கு வலது முழங்கால் வீங்கிப்போச்சு. டாக்டர் சொன்னது ஒரே வரி: "மிதிக்கிறதை நிறுத்துங்க." மிதிக்கிறதை நிறுத்தினா கூலியும் நின்னுடும். அப்போதான் நான் பெரிய மனுஷன் மாதிரி, "கவலைப்படாதீங்க சித்தி, பவர் மெஷின் வாங்கிடலாம், நான் செட் பண்ணித் தர்றேன்"னு சொன்னேன். யூடியூப் பார்த்த தைரியம்.

திருப்பூர்ல இருந்து ஒரு பழைய மெஷின் லாரி பார்சல்ல வந்துச்சு. திருப்பூர் பனியன் கன்டெய்னர்கள் கப்பல் ஏற நம்ம வ.உ.சி. துறைமுகத்துக்கு வர்ற அதே வழிதான். சங்கத்துல துணி வாங்கி வச்சாச்சு. ஒப்படைக்க மூணு வாரம். எல்லாம் சரியா போயிட்டு இருந்துச்சு, நான் கை வைக்கிற வரைக்கும்.

வேகமான கால் மெஷின் இல்லை இது

நான் பண்ணின அடிப்படைத் தப்பு ஒண்ணுதான். பவர் மெஷினை "மோட்டார் வச்ச கால் மெஷின்"னு நினைச்சேன். ரெண்டும் ஒரே தையல்தான் போடுது, உண்மை. ஆனா உள்ளே நடக்கிறது வேற.

ஒரு தையல் எப்படி விழுதுன்னு முதல்ல பார்த்துடலாம். ஊசி மேல் நூலோட துணிக்குள்ள இறங்குது. அடிமட்டம் தொட்டுட்டு லேசா மேல எழும்பும்போது நூல் பக்கவாட்டுல ஒரு சின்ன வளையமா உப்பும். அந்த நொடியில கீழே இருக்கிற ஹூக்கோட கூர்முனை வந்து அந்த வளையத்தைக் கொத்தி, பாபினைச் சுத்திக் கொண்டுபோகும். மேல் நூலும் கீழ் நூலும் துணி நடுவுல ஒண்ணையொண்ணு பின்னிக்கும். இதுக்குப் பேர் லாக் ஸ்டிச். 1846-ல அமெரிக்காவுல எலியாஸ் ஹோவ் பேட்டன்ட் வாங்கின மெஷினும் இந்த வேலையைத்தான் செஞ்சது.

வித்தியாசம் தெரியணும்னா நம்ம ஊர் உப்பு மூட்டையைப் பாருங்க. பேக்கிங் ஷெட்ல சாக்கு வாயைத் தைக்கிற மெஷின்ல பெரும்பாலும் பாபினே கிடையாது. ஒரே நூல், தன்னைத்தானே கொக்கி போட்டு சங்கிலி மாதிரி போகும். சரியான முனையைப் பிடிச்சு இழுத்தா மொத்தத் தையலும் சர்ருன்னு உருவிக்கிட்டு வந்துடும். மூட்டைக்கு அதுதான் வசதி. ஸ்கூல் பையன் டவுசருக்கு? வேண்டவே வேண்டாம். ஒரு இடத்துல அறுந்தாலும் மிச்சம் பிடிச்சு நிக்கணும். அதுக்குத்தான் லாக் ஸ்டிச்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். நம்ம வீட்டுக் கருப்பு கால் மெஷின்கள்ல பெரும்பாலும் கீழே இருக்கிற ஷட்டில் பாதி வட்டம் போய்த் திரும்பி வரும். ஊஞ்சல் மாதிரி. நிமிஷத்துக்குச் சில நூறு தையல். பவர் மெஷின்ல ஹூக் திரும்பி வர்றதே இல்ல. முழு வட்டமா சுத்திக்கிட்டே இருக்கும், அதுவும் ஒரு தையலுக்கு ரெண்டு சுத்து. தையல் யூனிட்கள்ல அதிகம் பார்க்கிற ஜூக்கி டிடிஎல் 8700 மாதிரி மெஷின் நிமிஷத்துக்கு 5,500 தையல் வரைக்கும் போகும். செகண்டுக்குத் தொண்ணூறுக்கு மேல. அப்போ கீழே ஹூக் நிமிஷத்துக்கு 11,000 சுத்து சுத்துது. இரும்பு மேல இரும்பு.

அந்த இடத்துல எண்ணெய் இல்லைன்னா என்ன ஆகும்? அதுதான் நீங்க கேட்ட மூணாவது சத்தம்.

நாலு சொட்டும் ஒரு குளமும்

கால் மெஷினுக்கு எண்ணெய் விடுறது எல்லா வீட்டுலயும் பார்த்திருப்பீங்க. ஓட்டை ஓட்டையா தேடி, ஆளுக்கு ஒரு சொட்டு. நானும் அப்படியே நாலு சொட்டு விட்டேன். சுவிட்ச் போட்டேன். அருமையா ஓடுச்சு. சித்தி சந்தோஷமா உட்கார்ந்து முக்கால் மணி நேரம் தைச்சாங்க. முதல்ல லேசா சூடு வாசனை. அப்புறம் கீச்சு.

"எலேய், இது என்ன சத்தம்ல?"

கை வீலைப் பிடிச்சுச் சுத்திப் பார்த்தேன். அசையல. வெல்டிங் வச்ச மாதிரி நின்னுடுச்சு.

அடுத்த நாள் மெக்கானிக் அண்ணாச்சி வந்தார். மெஷினைச் சாய்ச்சுக் கீழே பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தம்பி, எண்ணெய் ஊத்துனியா?"

"நாலு சொட்டு விட்டேன் அண்ணாச்சி."

"இது நாலு சொட்டு கேக்குற மெஷினா? குளம் கேக்குற மெஷின்லா இது."

விஷயம் இதுதான். இந்த வகை மெஷினோட தலைக்குக் கீழே ஒரு தட்டு இருக்கும், எண்ணெய்த் தொட்டி. அதுல ஹை, லோன்னு ரெண்டு குறி. இந்த ரெண்டு குறிக்கு நடுவுல எண்ணெய் நிக்கணும். மெஷின் ஓடும்போது உள்ளே ஒரு குட்டி பம்ப் அந்த எண்ணெயை உறிஞ்சி, ஷாஃப்ட், ஹூக் எல்லாத்துக்கும் அனுப்பும். தலை மேல ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். ஓடும்போது அதுல எண்ணெய் தெறிக்கிறது தெரியணும். தெறிக்கலைன்னா உடனே நிறுத்தணும்.

லாரியில அனுப்பும்போது எண்ணெய் கொட்டாம இருக்க தொட்டியைக் காலி பண்ணித்தான் அனுப்புவாங்க. அது சரியான முறை. இறக்கினவன் ஊத்தியிருக்கணும். நான் ஊத்தல.

ஹூக் போச்சு, புதுசு மாத்தணும். ஷாஃப்ட் புஷ்ஷும் உராய்ஞ்சு போயிருந்துச்சு. பாகம் வர்றதுக்கும் சேர்த்துப் பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளும் சித்தி வீங்கின முழங்காலோட பழைய மெஷினைத்தான் மிதிச்சாங்க. ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும். ஒரு வார்த்தை என்னைத் திட்டல. திட்டியிருந்தா கூடக் கொஞ்சம் நிம்மதியா இருந்திருக்கும்.

அதனால இந்த எபிசோட்ல இருந்து ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கிறதா இருந்தா இதை எடுத்துக்கோங்க: முதல் தையலுக்கு முன்னாடி இருக்கிற அந்த ஒரு மணி நேரம்தான் மெஷினோட ஆயுசு.

அந்த ஒரு மணி நேரத்துல செய்ய வேண்டியது

ரெண்டாவது தடவை அண்ணாச்சி பக்கத்துல நின்னு சொல்லச் சொல்ல, நான்தான் பூட்டினேன். அந்த வரிசையிலயே சொல்றேன்.

முதல்ல மேஜை. நாலு காலும் ஆடாம தரையில உட்காரணும். ஆடினா சத்தம், அதிர்வு, தையல் கோணல், எல்லாம் வரும். மெஷின் தலை முப்பது கிலோவுக்குப் பக்கம். தனியா தூக்காதீங்க, ரெண்டு பேர் வேணும். மேஜையில பின்பக்கம் ஒரு மரக் குச்சியோ பிளாஸ்டிக் குச்சியோ நிக்கும். தலையைப் பின்னால சாய்க்கும்போது அது மேலதான் தாங்கும். அந்தக் குச்சி இல்லாம சாய்ச்சா மொத்தத் தலையும் பின்னால விழும்.

அடுத்து எண்ணெய். தண்ணி மாதிரி நிறமில்லாத தையல் மெஷின் எண்ணெய் மட்டும். தேங்காய் எண்ணெய் கூடாது. சிரிக்காதீங்க, நிறைய வீட்டுல விடுறாங்க. அது கொஞ்ச நாள்ல பிசினா மாறிடும். ஹை குறி வரைக்கும் ஊத்துங்க, அதுக்கு மேல வேண்டாம். ரொம்ப நாள் ஓடாம இருந்த மெஷின்னா, பம்ப் வேலை செய்ய ஆரம்பிக்கிற வரைக்கும் தாங்க, ஹூக் பக்கத்துல கையாலயும் சில சொட்டு விடணும். புது மெஷினா இருந்தா முதல் மாசம் முழு வேகத்துல ஓட்டக்கூடாது. அந்த மாசம் முடிஞ்சதும் எண்ணெயை மாத்திடுங்க.

மூணாவது, மோட்டார். இதுல ரெண்டு வகை. பழசு கிளட்ச் மோட்டார். சுவிட்ச் போட்டா, நீங்க தைச்சாலும் தைக்காட்டியும் உர்ருன்னு சுத்திக்கிட்டே இருக்கும். பெடலை மிதிச்சா அந்தச் சுத்தலைப் பிடிச்சு மெஷினுக்குக் கொடுக்கும். புதுசு சர்வோ மோட்டார். மிதிச்சா மட்டும்தான் சுத்தும். சத்தம் இல்ல, கரண்ட் மிச்சம். முக்கியமா, அதிகபட்ச வேகம் எவ்வளவுன்னு நீங்களே வச்சுக்கலாம். வீட்டுல தைக்கிறவங்களுக்கு நான் சர்வோதான் சொல்வேன். எங்க மெஷின் கிளட்ச்லதான் வந்துச்சு. ஹூக் மாத்தும்போதே அதையும் மாத்திட்டோம். பெல்ட் ரொம்ப இறுக்கமாவும் இருக்கக்கூடாது, தொளதொளன்னும் இருக்கக்கூடாது. நடுவுல விரலால அழுத்தினா ஒரு விரல் தடிமன் அளவுக்கு உள்ளே போனா போதும்.

இன்னொண்ணு, எர்த். முழு உடம்பும் இரும்பா இருக்கிற மெஷின் இது. மூணு முள் பிளக், எர்த் உள்ள பாயிண்ட். ரெண்டு முள் எக்ஸ்டென்ஷன்ல போடவே போடாதீங்க.

நாலாவது, சுத்துற திசை. ஊசியைப் போடுறதுக்கு முன்னாடியே பார்க்கணும். மெதுவா மிதிச்சா கை வீலோட மேல்பாகம் உங்களைப் பார்த்து வரணும். எதிர்த்திசையில போனா ஹூக் வளையத்தைக் கொத்தாது. தையல் விழாது, நூல்தான் சிக்கும். சர்வோ மோட்டார்ல திசை மாத்துற வசதி பொதுவா இருக்கும்.

அஞ்சாவது, ஊசி. கால் மெஷின் ஊசியோட தண்டுல ஒரு பக்கம் தட்டையா இருக்கும். அதனால தப்பாப் போடுறது கஷ்டம். பவர் மெஷின் ஊசி முழு உருண்டை. டிபி×1-ன்னு கேட்டு வாங்கணும். உருண்டைங்கிறதால எந்தக் கோணத்துலயும் உள்ளே போயிடும், தப்பான கோணத்துலயும்தான். ஊசியை வெளிச்சத்துல பாருங்க. ஒரு பக்கம் மேலிருந்து கண் வரைக்கும் நீளமா ஒரு பள்ளம், மறுபக்கம் கண்ணுக்கு மேல சின்னதா செதுக்கின மாதிரி ஒரு குழிவு. நம்ம வழக்கமான ஒற்றை ஊசி மெஷின்ல நீளப் பள்ளம் இடது பக்கம், குழிவு வலது பக்கம். நூல் இடமிருந்து வலமாப் போகும். மேல முட்டுற வரைக்கும் ஏத்தி ஸ்க்ரூவை முறுக்குங்க. பாதி மில்லிமீட்டர் கீழே நின்னாலும் தையல் விட்டுவிட்டு விழும். சீருடைத் துணிக்கு 14-ஆம் நம்பர் சரியா இருக்கும். ஜீன்ஸ்னா 16, 18. மெல்லிசு துணிக்கு 9, 11.

ஆறாவது, பாபின். நூல் சுத்தின பாபினைக் கேஸ்ல போட்டு, நூலை ஸ்பிரிங்குக்கு அடியில இழுத்துடுங்க. அப்புறம் நூலை மட்டும் பிடிச்சுக் கேஸைத் தொங்க விடுங்க. சும்மா விட்டா அப்படியே தொங்கணும். கையை லேசா ஒரு உதறு உதறினா ஒண்ணு ரெண்டு இஞ்ச் இறங்கி நிக்கணும். தானா சரசரன்னு இறங்கினா தளர்வு. உதறினாலும் இறங்கலைன்னா இறுக்கம். கேஸ்ல இருக்கிற குட்டி ஸ்க்ரூவைக் கால் சுத்துக்கும் குறைவாத் திருப்பினாலே மாறிடும். முதல்ல கீழ் நூலைச் சரி பண்ணிட்டு, அப்புறம்தான் மேல் டென்ஷனைத் தொடணும். நான் ரெண்டையும் ஒரே நேரத்துல திருகி, எது எதுக்குன்னு தெரியாம அரை நாள் ஓட்டியிருக்கேன்.

ஏழாவது, முதல் தையல். மிதிக்காதீங்க. ரெண்டு நூல் முனையையும் பின்பக்கம் இழுத்துப் பிடிச்சு, கை வீலை உங்க பக்கமா கையாலயே ரெண்டு மூணு தையல் சுத்துங்க. எங்கேயும் முட்டலையா? அப்போ கால் வைக்கலாம்.

தையல் பேசுற பாஷை

தைச்ச துணியைத் திருப்பிப் பாருங்க. என்ன தப்புன்னு அதுவே சொல்லும்.

அடிப்பக்கம் நூல் கொச கொசன்னு கூடு கட்டியிருந்தா, எல்லாரும் பாபினைத்தான் திட்டுவாங்க. தப்பு பொதுவா மேலதான். மேல் நூல் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவுல உட்காரல, அல்லது டென்ஷன் தளர்வு. பூட்டைத் தூக்கி வச்சு, நூலை முழுசா உருவிட்டு மறுபடி கோர்த்தாலே பாதி நேரம் சரியாயிடும். பூட் தூக்கியிருக்கும்போதுதான் அந்தத் தட்டுகள் விலகி நூலுக்கு இடம் விடும்.

மேல்பக்கம் கீழ் நூல் புள்ளி புள்ளியாத் தெரிஞ்சா, மேல் டென்ஷன் அதிகம். தையல் நடுநடுவே விட்டுப்போனா முதல்ல ஊசியை மாத்துங்க. மழுங்கியிருக்கும், வளைஞ்சிருக்கும், இல்லைன்னா கோணத்துல நிக்கும். நூல் அடிக்கடி அறுந்தா கோர்த்த வழியைப் பாருங்க. அப்புறம் ஊசிக் கண்ணைப் பாருங்க, தட்டுல இருக்கிற துளையோரம் பிசிறு இருக்கான்னு விரலால தடவிப் பாருங்க. மெஷினை ஆஃப் பண்ணிட்டு.

அந்தக் கடைசி வார்த்தை முக்கியம். நூல் கோர்க்க, ஊசி மாத்த, பாபின் எடுக்க, எதுக்குக் கை உள்ளே போனாலும் சுவிட்ச் ஆஃப். கிளட்ச் மோட்டார்ல இன்னொரு ஆபத்து இருக்கு. ஆஃப் பண்ணின பிறகும் கொஞ்ச நேரம் சும்மா சுத்திக்கிட்டே இருக்கும். அந்த நேரம் கால் பட்டா ஊசி இறங்கிடும். அதனால ஆஃப் பண்ணிட்டு, கையை எடுத்துட்டு, பெடலை ஒருதடவை மிதிச்சு அந்த மிச்சச் சுத்தலைச் சாகடிச்சுட்டுத்தான் கை வைக்கணும். ஊசி பக்கத்துல இருக்கிற விரல் காப்புக் கம்பியை "இடைஞ்சலா இருக்கு"ன்னு நிறைய பேர் கழட்டி வைக்கிறாங்க. வேண்டாம். செகண்டுக்குத் தொண்ணூறு தடவை இறங்குற ஊசி அது. துப்பட்டா, முந்தானை, விரிச்ச முடி, எதுவும் பெல்ட் பக்கம் போகக்கூடாது.

கால்ல இருக்கு கட்டுப்பாடு

கால் மெஷின் பழகினவங்களுக்குப் பவர் மெஷின்ல கஷ்டம் கையில இல்ல, கால்ல. இருபது வருஷமா மிதிச்ச கால், பெடல்ல பட்டதும் பழக்கத்துல மிதிக்கும். இங்கே மிதிக்கவே கூடாது, அழுத்தணும். ஸ்கூட்டர் ஆக்ஸிலரேட்டர் மாதிரி. பாதத்தோட முன்பகுதியை லேசா அழுத்தினா ஓடும், அழுத்தத்தை எடுத்தா நிக்கும். பூட்டைத் தூக்க வலது முழங்காலால தள்ளுற ஒரு லிவர் மேஜைக்கு அடியில இருக்கும். கை துணியை விடாமலே பூட்டைத் தூக்கலாம். சித்தி வலது முழங்கால்ல வலி இருந்ததால, அண்ணாச்சி அந்த லிவரை ரொம்ப லேசாத் தொட்டாலே தூக்குற மாதிரி வச்சுக் கொடுத்தார்.

பழகுறதுக்கு ஒரு வழி: நூல் இல்லாம, பழைய ஊசியைப் போட்டு, கோடு போட்ட நோட்டுத் தாள்ல தைக்கிறது. முதல்ல நேர்கோடு, அப்புறம் சதுரம், அப்புறம் வட்டம். சதுரத்தோட மூலையில சரியா நிக்கணும். ஆடை கம்பெனிகள்லயும் புதுசா சேர்றவங்களுக்கு இப்படித் தாள்ல பழக்குறது உண்டு. சித்தி என் பழைய காலேஜ் நோட்டு ஒண்ணை முழுக்கத் தைச்சாங்க. அந்த நோட்டு எதுக்காவது பிரயோஜனப்பட்டது அப்போதான்.

உப்புக் காத்து

கடலோரத்துல இருக்கிறவங்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. முத்தையாபுரத்துல ஜன்னலைத் திறந்தா வர்றது உப்பளக் காத்து. கம்பியெல்லாம் வெடிச்சுப்போகிற ஊர். மெஷின் மட்டும் தப்பிக்குமா? ஊசித் தட்டு, பூட், பாபின் கேஸ், இதுங்கள்ல ரெண்டு நாள்ல பழுப்புப் புள்ளி வந்துடும். துரு பிடிச்ச ஊசி துணியில கறை வைக்கும், நூலை அறுக்கும். வேலை முடிஞ்சதும் பஞ்சைத் துடைச்சு, ஒரு சொட்டு எண்ணெய் தொட்ட துணியால இரும்பையெல்லாம் ஒரு தடவை தடவி, மூடி வைங்க. அடுத்த நாள் முதல்ல ஒரு வேஸ்ட் துணியில தைச்சுட்டு அப்புறம் சீருடைத் துணி. ஊசி பாக்கெட்டை இறுக மூடுற டப்பாவுல வைங்க.

அந்தக் குமிழ்

இப்போ கடைசி விஷயம். சர்வோ மோட்டார்ல வேகத்துக்கு ஒரு குமிழ் இருக்கு. அண்ணாச்சி அதை நிமிஷத்துக்கு 2,000 தையல்ல வச்சுட்டுப் போனார். ஒரு மாசம் கழிச்சு நான் கணக்குப் போட்டேன். 2,000 தையல், ஒரு தையல் ரெண்டரை மில்லிமீட்டர்னா நிமிஷத்துக்கு அஞ்சு மீட்டர். 4,000-ல வச்சா பத்து மீட்டர். அப்போ கூலி டபுள்!

"சித்தி, ஏத்திடவா?"

"வேகமா தைச்சா, வேகமா பிரிக்கவும் வேணும்ல."

நான் விடல. ஸ்டாப்வாட்ச் எடுத்துக்கிட்டு பக்கத்துல உட்கார்ந்தேன். ஒரு சட்டைத் தோள் தையல். ஊசி ஓடினது மூணு செகண்ட். ரெண்டு துண்டையும் எடுத்து, ஓரம் சேர்த்து, பூட்டுக்கு அடியில வச்சு, முடிஞ்சதும் நூலை வெட்டி அந்தப் பக்கம் அடுக்கினது பதினோரு செகண்ட். அதாவது வேகத்தை ரெண்டு மடங்கு ஆக்கினா பதினாலு செகண்ட் பன்னெண்டரை ஆகும். அவ்வளவுதான். அந்த ஒன்றரை செகண்டுக்காக விரல் பக்கத்துல ஊசி ரெண்டு மடங்கு வேகமா இறங்கணும். துண்டுகளை வரிசையா இடது பக்கம் கை எட்டுற இடத்துல அடுக்கி வச்சதுல மட்டும் எங்களுக்கு மூணு செகண்ட் மிச்சமாச்சு. வேகத்தை ஊசியில தேடினேன். அது மேஜையில இருந்துச்சு.

குறைஞ்ச வேகத்துலயே ஓட்டுறவங்க ஒண்ணு கவனிக்கணும். ரொம்ப மெதுவாவே ஓடிக்கிட்டிருந்தா பம்ப் எண்ணெயைச் சரியா மேல ஏத்தாது. அதனால தினமும் காலையில, நூலை எடுத்துட்டு, பூட்டைத் தூக்கி வச்சு, அரை நிமிஷம் கொஞ்சம் வேகமா ஓட விட்டு, ஜன்னல்ல எண்ணெய் தெறிக்குதான்னு பார்ப்பாங்க சித்தி. அப்புறம் குமிழைத் திருப்பி அதே 2,000.

இந்த ஊருக்கு இந்தக் கணக்கு புதுசு இல்ல. 1908 பிப்ரவரி 27-ஆம் தேதி தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினாங்க. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட நின்னாங்க. கேட்டது கூலி உயர்வும் வார விடுமுறையும். மார்ச் தொடக்கத்துல ஜெயிச்சாங்க. அடுத்த சில நாள்லயே, மார்ச் 12-ஆம் தேதி, ரெண்டு தலைவர்களையும் கைது பண்ணிட்டாங்க. மில்லை நடத்தினது ஹார்வி கம்பெனி. அவங்க மில்கள்தான் பின்னாடி மதுரா கோட்ஸ் ஆச்சு. தையல் நூல் வாங்குறவங்களுக்குத் தெரிஞ்ச பேர். மெஷினுக்குக் களைப்பு கிடையாது, அதுக்கு ஞாயித்துக்கிழமையும் தெரியாது. எங்கே நிறுத்தணும்னு மனுஷன்தான் சொல்லணும். அன்னைக்கு அதுக்கு ஒரு ஊரே சேர்ந்து நிக்க வேண்டியிருந்துச்சு. இன்னைக்கு வீட்டுக்குள்ள, உருப்படிக் கூலிக்குத் தைக்கிற ஒருத்தங்களுக்கு, முதலாளியும் அவங்களே, விரட்டுறதும் அவங்களே. அந்தக் குமிழ் ஒண்ணுதான் பிரேக்.

அந்த முதல் லாட் சீருடையை ஒப்படைச்சோம், நாலு நாள் தாமதமா. இப்போ சித்தி ராத்திரி ஒன்பது மணிக்கு மெஷினை மூடிடறாங்க. ஞாயித்துக்கிழமை தைக்கிறது இல்ல. முழங்கால் வீக்கம் வடிஞ்சிருக்கு. கூலி டபுளாகல. ஆனா குறையவும் இல்ல. கால் மெஷினை விக்கலாமான்னு கேட்டேன். "கரண்ட் போனா நீயா மிதிப்ப?"ன்னாங்க. அது இன்னும் அதே மூலையிலதான் நிக்குது, நாலு சொட்டு எண்ணெயோட.

உங்க வீட்டுல யாராவது பவர் மெஷின் வாங்கப் போறாங்கன்னா, இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி ஒரே ஒரு மெசேஜ் அனுப்புங்க: "சுவிட்ச் போடுறதுக்கு முன்னாடி எண்ணெய்." அது போதும்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.

[பவர் மெஷின் சத்தம், மெதுவாக]